பூஜையில் வைத்த துப்பாக்கி

சேகர்,

போன ஞாயிற்றுக்கிழமை போனில் நீ சொன்ன ஒரு வார்த்தை ஐந்து நாளாக என் காதிலேயே நிற்கிறது. டெக்சாஸில் வீடு பார்த்தாயிற்று, மீனுவுக்குப் பள்ளிக்கூடம் பார்த்தாயிற்று, அடுத்த மாதம் கிளம்புகிறோம் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே வந்தாய். நானும் உம் கொட்டிக்கொண்டு வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். "அங்க எல்லார் வீட்டுலயும் துப்பாக்கி இருக்கும்மா, நானும் ஒண்ணு வாங்கலாம்னு இருக்கேன்" என்றாய். என் கை நின்றுவிட்டது. நான் பேசாமல் இருந்தது உனக்கு என்னவோ போல் இருந்திருக்க வேண்டும். நான் பேசாமல் இருப்பது எப்போதாவது நடக்கிற காரியம்தானே. "பயப்படாதம்மா. நான் அப்பா மாதிரி இல்ல. கவனமா இருப்பேன்" என்று சேர்த்துக்கொண்டாய். நான் சரி என்று சொல்லிவிட்டு, அடுப்பில் ஏதோ தீய்கிறது என்று பொய் சொல்லி போனை வைத்தேன்.

அப்பா போய் இரண்டு வருஷம் ஆகிறது. அவர் இருந்தபோதும் இதையே நீ வேறு வேறு விதமாகச் சொல்லியிருக்கிறாய். மீனு பிறந்து ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த அன்று அவர் குழந்தையைத் தூக்கக் கை நீட்டினார். கொடுத்தாய். ஆனால் "பாத்துப்பா, பாத்து" என்று சொல்லிக்கொண்டே உன் கையையும் குழந்தைக்கு அடியிலேயே வைத்திருந்தாய். அவர் ஒரு நிமிஷம் முகத்தைப் பார்த்துவிட்டு, "நல்லா இருக்கா" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். நான் சமையலறைக்குள் போய் ஒன்றுமில்லாத பாத்திரத்தைத் தேய்த்தேன். அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். அதற்கு முன்பும் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமலேயே முப்பது வருஷத்துக்கு மேல் ஓட்டிவிட்டேன்.

இதை ஏன் கடிதமாக எழுதுகிறேன் என்றால், போனில் நீ குறுக்கே பேசுவாய், நான் அழுவேன், விஷயம் எங்கேயோ போய்விடும். நீ தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிப்பாய் என்று தெரியும். மெதுவாகவே படி. ஒரு பிரதியை நம் தமிழ்ச் சங்கத்து ஆண்டு மலருக்கும் கொடுக்கப் போகிறேன். வீட்டு விஷயத்தை ஊருக்கு ஏன் சொல்கிறாய் என்று கேட்பாய். ஊர் முன்னால்தான் உன் அப்பாவின் பேர் கெட்டது. அதைச் சரிசெய்வதை மட்டும் அடுப்படியில் வைத்து முடித்துக்கொள்ள எனக்கு மனசு வரவில்லை.

எழுபதுகளின் நடுவில் நாம் ரெக்ஸ்டேலில் இருந்தோம். மிஸஸ் பெல் என்ற விதவை அம்மாள் மேலே, நாம் கீழே பேஸ்மென்ட்டில். ஜன்னல் தரையோடு இருக்கும். குளிர்காலத்தில் பனி மூடிவிட்டால் பகலா ராத்திரியா என்று கடிகாரத்தைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். உனக்கு நாலரை வயசு. உன் அப்பா பக்கத்தில் ஒரு லேத் பட்டறையில் வேலை பார்த்தார். தலைமுடி அளவு வித்தியாசம் வந்தாலும் அந்தத் துண்டைத் தூக்கிப் போட்டுவிட்டு மறுபடி கடைகிற வேலை. வீட்டிலும் மனுஷர் அப்படித்தான். கதவைப் பூட்டிவிட்டு இரண்டு தரம் இழுத்துப் பார்ப்பார், படி இறங்கிப்போய் இன்னொரு தரம் வந்து பார்ப்பார். நான் கேலி செய்து செய்து அலுத்துப்போனேன். அவர் மாறவில்லை.

அந்தப் பட்டறையில் அவருக்குக் கிடைத்த ஒரே சிநேகிதர் வால்டர். மற்றவர்கள் நல்லவர்கள்தான், ஆனால் காலையில் ஒரு ஹலோ, சாயங்காலம் ஒரு குட்நைட். வால்டர் மட்டும் உன் அப்பாவின் சாப்பாட்டு டப்பாவை எட்டிப் பார்த்து, "இது என்ன, எப்படிச் செய்வது?" என்று கேட்பவர். ஒஷாவாவுக்கு வடக்கே அவருக்கு ஒரு பழைய பண்ணை இருந்தது. இலையுதிர்காலத்தில் சனிக்கிழமைகளில் நாம் அங்கே போவோம். உனக்கு ஞாபகம் இருக்கிறதோ என்னவோ, வைக்கோல் கட்டுகளின் மேல் ஏறி நின்று "நான்தான் டிரைவர்" என்று கத்துவாய். வேட்டைக்கு வந்தவர்கள் யாராவது தெரியாமல் சுட்டுவிடக் கூடாது என்று உன் தலையில் ஒரு பெரிய சிவப்புத் தொப்பியை மாட்டிவிடுவார் வால்டர். அது உன் மூக்குவரை இறங்கும். ஆப்பிள் மரத்தடியில் நான் ஜமுக்காளம் விரித்து எலுமிச்சை சாதம் பிரிப்பேன். இந்த நாட்டுக்கு வந்து, அடுத்த வீட்டுக்காரர் என்ன நினைப்பாரோ என்ற கவலை இல்லாமல் நான் வாய்விட்டுச் சிரித்தது அந்தப் பண்ணையில்தான்.

துப்பாக்கியை இந்த ஊர்க்காரர்கள் வைத்திருக்கும் விதத்தை நான் பார்த்ததும் அங்கேதான். எனக்குத் துப்பாக்கி புதிதில்லை. தென்காசிக்கு மேற்கே மலையடிவாரத்தில் எங்களுக்கு வயல். காட்டுப்பன்றி இறங்கும் என்று என் அப்பா ஒற்றைக்குழல் துப்பாக்கிக்கு லைசென்ஸ் வாங்கினார். கலெக்டர் ஆபீசுக்கு நடந்து நடந்து செருப்புத் தேய்ந்தது என்பார்கள். கிடைத்த பிறகு பன்றியை எல்லாரும் மறந்துவிட்டார்கள். லைசென்ஸ் உள்ள வீடு என்பதே பெரிய பேச்சு. என் கல்யாணப் பேச்சில்கூட அது வந்தது. தேர்தல் வந்தால் துப்பாக்கியைப் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும். அப்பா சலவை வேட்டி கட்டிக்கொண்டு அதைப் பட்டுத்துணியில் சுற்றி, மாப்பிள்ளை அழைப்பு மாதிரி தெருவழியே எடுத்துப்போவார். வாழ்நாளில் மூன்று தடவை சுட்டிருந்தால் அதிகம்.

இங்கே வந்தால், மண்வெட்டியும் பெயிண்ட் டப்பாவும் விற்கிற கடையிலேயே துப்பாக்கியும் வரிசையாகச் சாய்ந்திருக்கிறது. காசைக் கொடுத்தால் கையில் கொடுத்துவிடுவார்கள். போலீஸிடம் சான்றிதழ் வாங்கினால்தான் வாங்க முடியும் என்ற சட்டமெல்லாம் அந்தப் பத்தாண்டின் கடைசியில் வந்தது. வால்டர் தன் துப்பாக்கிகளைப் பின்கதவுப் பக்கம், சேறு பூட்ஸ்களுக்கு மேலே ஒரு சட்டத்தில் மாட்டியிருப்பார். அவற்றைப் பற்றி ஒரு நாளும் பெருமை பேசியதில்லை. ஆனால் ஒரு விதி வைத்திருந்தார். துப்பாக்கி யார் கைக்குப் போனாலும், அந்த ஆள் முதலில் பின்பக்கத்தில் தாழ்ப்பாள் மாதிரி இருக்கிற போல்ட்டை இழுத்துத் திறந்து உள்ளே குண்டு இருக்கிறதா என்று கண்ணால் பார்க்க வேண்டும், சுண்டு விரலை விட்டும் பார்க்க வேண்டும். கொடுத்தவர் பார்த்திருந்தாலும் வாங்குகிறவர் பார்க்க வேண்டும். வால்டர் பார்த்துவிட்டு உன் அப்பாவிடம் கொடுப்பார். உன் அப்பா பார்ப்பார். உடனே திருப்பிக் கொடுத்தால் வால்டர் மறுபடி பார்ப்பார். "குழந்தைக்குப் பல்லு முளைச்சிருக்கான்னு ரெண்டு பேரும் மாத்தி மாத்திப் பாக்கறீங்க" என்று நான் சிரிப்பேன். அவர்கள் சிரிக்க மாட்டார்கள்.

உன் அப்பாவுக்கு அந்த விதி ரொம்பப் பிடித்துப்போனது. அவருடைய குணத்துக்கு ஏற்ற விதி. ஒரு பள்ளிக்கூடத்தில் மாலை நேரத்தில் நடந்த பாதுகாப்பு வகுப்புக்குப் போய், பரீட்சை எழுதி, ஒரு அட்டையும் வாங்கி வைத்துக்கொண்டார். வால்டர் தன்னிடம் இருந்த பழைய சின்னத் துப்பாக்கி ஒன்றை அவருக்குக் கொடுத்தார். ஒன்றரை வருஷத்தில் அதை வைத்து உன் அப்பா அடித்தது ஒரே ஒரு காட்டுக்கோழி. அதை நான் மிளகு போட்டு வறுத்தேன். வால்டர் கண்ணில் தண்ணீர் வழிய வழிய முழுதும் சாப்பிட்டார். வீட்டில் அந்தத் துப்பாக்கி அலமாரியின் பின்னால் இருக்கும். ஆனால் போல்ட்டைக் கழற்றித் தன் டூல்பாக்ஸில் பூட்டித் தினமும் வேலைக்குக் கொண்டுபோய்விடுவார். அது இல்லாவிட்டால் துப்பாக்கி வெறும் இரும்புக் குழாய். குண்டுகள் சமையலறை மேல்தட்டில், துவரம்பருப்பு டப்பாவுக்குப் பின்னால். மூன்றும் மூன்று இடத்தில். இவ்வளவும் செய்தவரைத்தான் நீ கவனமில்லாதவர் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய்.

அந்த வருஷம் ஆயுத பூஜையும், இங்கே அக்டோபரிலேயே வருகிற தேங்க்ஸ்கிவிங் லீவும் சேர்ந்து வந்தன. எனக்கு ஒரே உற்சாகம். மாவிலை கிடையாது, நீயும் நானும் தெருவில் விழுந்துகிடந்த சிவப்பு மேப்பிள் இலைகளைப் பொறுக்கி வந்து தோரணம் கட்டினோம். வெள்ளைப் பூசணி கிடையாது. கடைகளில் குவித்துவைத்திருந்த மஞ்சள் பூசணியைத் திருஷ்டி சுற்றி அப்பா வாசலில் உடைத்தார். அருமையாக இனிப்புச் செய்ய வேண்டிய பூசணியை வீணாக்கிவிட்டீர்களே என்று மிஸஸ் பெல் ஜன்னலிலிருந்து தலையில் கை வைத்துக்கொண்டார். பொரிக்குப் பதில் காலையில் பாலில் போட்டுச் சாப்பிடுகிற பொரியரிசி டப்பா. பூக்கடையில் செவ்வந்திப்பூ கிடைத்தது. அதை மெஷின் நூலை இரண்டாகத் திரித்து நீளமாகக் கட்டினேன். சரஸ்வதி படத்தின் முன்னால் அப்பாவின் அளவுகோல்களும், என் தையல் மெஷினும், கார் சாவியும், உன் படப்புத்தகமும் வைத்தோம்.

"துப்பாக்கியையும் எடுங்க" என்றேன்.

"அது எதுக்கு? வேலைச் சாமான் மட்டும் போதும்" என்றார்.

"ஆயுத பூஜைக்கு ஆயுதம் வேண்டாமா? எங்க அப்பா வீட்டுல அதுக்குத்தான் முதல் பொட்டு."

அரை மணி நேரம் வாதம். யார் ஜெயித்திருப்பார்கள் என்று உனக்குத் தெரியும். போல்ட் இல்லாமல் கொண்டுவந்து வைத்தார். சாமிக்கு முன்னால் மூளியாக வைக்கக் கூடாது, முழுசாக மாட்டுங்கள் என்று மறுபடி பிடித்துக்கொண்டேன். பெருமூச்சு விட்டுக்கொண்டே டூல்பாக்ஸைத் திறந்து போல்ட்டை எடுத்து மாட்டினார். மாட்டிவிட்டுத் திறந்து பார்த்தார், சுண்டு விரலை விட்டுப் பார்த்தார், என்னையும் கூப்பிட்டுக் காட்டினார். "பாத்துக்கோ, காலி" என்றார். சுவரில் சாய்த்துவைத்துவிட்டு, பஸ் நிறுத்தத்திலிருந்து சிவம் அண்ணன் குடும்பத்தை அழைத்து வரப் போனார்.

சேகர், இனிமேல்தான் நான் சொல்ல வந்தது. காலி என்ற வார்த்தை எனக்குப் பிடிக்கவில்லை. பூஜையில் எது காலியாக இருக்கலாம்? நாழியில் அரிசி இருக்க வேண்டும், குடத்தில் தண்ணீர் இருக்க வேண்டும், மணிபர்ஸில் ஒரு நாணயமாவது இருக்க வேண்டும். என் அப்பா துப்பாக்கியை வெறுமனே வைத்ததில்லை என்று எனக்கு ஞாபகம். பருப்பு டப்பாவுக்குப் பின்னால் கையை விட்டேன். எப்படிப் போடுவது என்று பண்ணையில் வால்டர் எனக்கும் காட்டியிருந்தார். தூக்கி, இழுத்து, ஒரு குண்டை வைத்து, தள்ளி மூடினேன். சந்தனப் பொட்டு, குங்குமம். கடைசியாகச் செவ்வந்திச் சரத்தைச் சுடுகிற விசைக்கு முன்னால் உள்ள வளையத்தில் கோத்து, கீழே உன் புத்தகத்தின் மேல் வரும்படி அழகாகத் தொங்கவிட்டேன். பல வருஷம் கழித்து ஒரு நாள் பாத்திரம் கழுவும்போது ஞாபகம் வந்தது, என் அப்பா தோட்டாவை ஒரு வெற்றிலையில் வைத்துத் துப்பாக்கிக்குப் பக்கத்தில்தான் வைப்பார். உள்ளே போட்டதே இல்லை.

சாயங்காலம் சிவம் அண்ணன் வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், கணக்கு வாத்தியார், நம் சின்னக் கூட்டத்துக்கே மூத்தவர். படத்துக்கு முன்னால் நின்று சிரித்தார். "இதென்ன தங்கச்சி, சாமிக்குத் துவக்கு வச்சிருக்கிறியள்? எங்கட ஊரில துவக்கு வச்சிருக்கிற ஆக்கள் வருசா வருசம் அரசாங்கக் கச்சேரியில போய் நிக்க வேணும், தெரியுமோ?" என்றார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "பிள்ளை இருக்கிற வீடு. ஒருக்கால் திறந்து பாக்கட்டே?" என்றார். அப்போது துவக்கு என்பது எங்களுக்குத் துப்பாக்கிக்குச் சும்மா இன்னொரு சொல். அவருடைய ஊரில் சண்டை வந்து, தன் அண்ணன் மகனை அவர் பறிகொடுத்த பிறகு அந்தச் சொல்லை அவர் வாயிலிருந்து நான் கேட்டதில்லை.

"நானும் இன்னொரு தரம் பாக்கலாம்னுதான் நினைச்சேன்" என்று உன் அப்பா கையை நீட்டினார்.

"பூஜையில வச்சாச்சு. நாளைக்குக் காலைல புனர்பூஜை ஆகிற வரைக்கும் யாரும் தொடக் கூடாது" என்றேன்.

அவர் கையை எடுத்துக்கொண்டார். நான் சாமிக்குப் பயந்து அப்படிச் சொன்னதாகத்தான் எல்லாரும் நினைத்தார்கள். உன்னிடம் மறைக்கப் போவதில்லை. குண்டைப் பார்த்தால் நாலு பேர் முன்னால் திட்டு விழுமே என்றுதான் சொன்னேன். காலையில் அவர் குளிக்கும்போது நானே எடுத்துவிடலாம் என்று எண்ணம்.

காலையில் பால் காய்ச்சி வைத்துக் கற்பூரம் காட்டினேன். அப்பா சவரம் செய்துகொண்டிருந்தார். உள்ளே போய்த் துப்பாக்கியை எடுக்க வேண்டும் என்று நினைக்கும்போதே அடுப்பில் இன்னொரு பால் பொங்கியது. ஓடினேன். ஓடிக்கொண்டே வாய் தன்பாட்டுக்குச் சொன்னது: "சேகர், போய் உன் புத்தகத்தை எடுத்து ரெண்டு வரி படி. இன்னிக்குப் படிச்சா நல்லா படிப்பு வரும்." நீ சமர்த்தாகப் போனாய். துப்பாக்கியை நீ தொடவே இல்லை, சேகர். புத்தகத்தின் மேல் கிடந்த பூவை இழுத்தாய். அவ்வளவுதான். நூலை நான் இரட்டையாகத் திரித்திருந்தேன், அறுபடவில்லை.

அந்தச் சத்தத்தை எழுத எனக்குத் தெரியாது. நான் வந்து பார்க்கும்போது நீ கையில் செவ்வந்திச் சரத்தோடு நின்றுகொண்டிருந்தாய், துப்பாக்கி உன் காலடியில் கிடந்தது. மேலே நாற்காலி விழும் சத்தம் கேட்டது. உன் அப்பா பாதி முகத்தில் சோப்போடு ஓடி வந்து, உன்னைத் தூக்கித் தலையிலிருந்து கால்வரை தடவித் தடவிப் பார்த்தார். உன் சட்டையெல்லாம் சோப்பு நுரை. மிஸஸ் பெல் தேநீர் குடித்துக்கொண்டிருந்த மேஜையின் அடிப்பலகையில் குண்டு தைத்திருந்தது. அவர் காலுக்கும் அதற்கும் ஒரு ஜாண் இருந்திருக்கும். அந்த அம்மாள் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு படி இறங்கி வந்தார். முதலில் கேட்டது, "குழந்தைக்கு ஒன்றும் இல்லையே?" அடுத்தது, "யார் இதில் குண்டு போட்டது?"

உன் அப்பா துப்பாக்கியை எடுத்து போல்ட்டைத் திறந்தார். அந்த நிலையிலும் அவருக்கு அது மறக்கவில்லை. பித்தளைக் கூடு தெறித்து என் காலருகே உருண்டு வந்தது. அதைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். எனக்கு வாய் நீளம் என்று அவர் ஆயிரம் தடவை சொல்லியிருப்பார். அன்றைக்கு எனக்கு ஒரு சொல் வரவில்லை. மிஸஸ் பெல் பக்கம் திரும்பி, "நான்தான். என் துப்பாக்கி" என்றார்.

"என் புருஷன் முப்பது வருஷம் இந்த வீட்டில் துப்பாக்கி வைத்திருந்தார். நாலு சுவருக்குள் ஒரு தடவைகூடக் குண்டு போட்டதில்லை" என்றார் அந்த அம்மாள். குரலை உயர்த்தவில்லை. மாதக் கடைசிக்குள் வேறு வீடு பார்த்துக்கொள்ளச் சொன்னார். ஒரு இளவயசு போலீஸ்காரர் வந்து எழுதிக்கொண்டு போனார். அவரிடமும் அப்பா அதையேதான் சொன்னார். நாம் நகரத்தின் மறுகோடியில் வெக்ஸ்போர்டுக்குக் குடிவந்தது அப்படித்தான், ஆனால் நல்ல பள்ளிக்கூடத்துக்காக வந்தோம் என்று உன்னிடம் சொல்லியிருக்கிறேன்.

அன்று சாயங்காலமே அப்பா துப்பாக்கியை வால்டரிடம் திருப்பிக் கொடுக்கப் போனார். குண்டு போட்டுச் சாமி முன்னால் வைத்துவிட்டேன் என்று சொல்லியிருக்கிறார். வால்டர் வாங்கிக்கொண்டு கதவைச் சாத்திவிட்டார். அடுத்த நாள் பட்டறையில் அவர் வேறு மேஜையில் போய்ச் சாப்பிட உட்கார்ந்தார். அதற்கப்புறம் பதினெட்டு வருஷம் இரண்டு பேரும் ஒரே கூரையின் கீழே வேலை செய்தார்கள். வால்டர் ஓய்வு பெறும்வரை வேறு மேஜைதான். விதி தெரியாதவன் தப்புச் செய்தால் அவர் மன்னித்திருப்பார். அவரே சொல்லிக் கொடுத்த ஆள் செய்ததைத்தான் அவரால் பொறுக்க முடியவில்லை. நான் முதல் வாரத்தில் ஒரு தரம் உன் அப்பாவைக் கேட்டேன், ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று. "வீட்டுக்குள்ள கொண்டுவந்தது நான். பூஜையில வைக்கச் சம்மதிச்சதும் நான்" என்றார். கொஞ்சம் பொறுத்து, "பெரியவன் ஆனதும் எப்படியும் அவன் காதுக்குப் போகும். கோபம் என் மேல இருந்துட்டுப் போகட்டும். அவனுக்கு ஏதாவதுன்னா ஓடி வர உன் மடி வேணும்" என்றார்.

இங்கே நம் ஆட்கள் நடுவில் அவருக்குத் துப்பாக்கிச் சாமி என்று பேர் வைத்தார்கள். விசேஷங்களில் யாராவது "சாமி, இன்னிக்கு என்ன வச்சிருக்கீங்க?" என்று கேட்பார்கள், எல்லாரும் சிரிப்பார்கள், அவரும் சிரிப்பார். நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன், சேகர். உனக்குப் பதிமூன்று வயசில் ஒரு கல்யாண வரவேற்பில் அந்தக் கதையை யாரோ முழுதாகச் சொல்லிவிட்டார்கள். திரும்பி வரும்போது காரில் பின்சீட்டிலிருந்து கேட்டாய், "நான் இருக்கிற ரூம்ல லோட் பண்ணின கன் வச்சியாப்பா?" அவர் ரோட்டைப் பார்த்துக்கொண்டே "ஆமாண்டா, தப்புத்தான்" என்றார். நான் பக்கத்து சீட்டில் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன். அன்றைக்கு நீ அவரிடமிருந்து ஒரு அடி தள்ளிப்போனாய், கடைசிவரை அந்த ஒரு அடி குறையவில்லை.

உன் போன் வந்த மறுநாள் நான் ஒஷாவாவுக்குப் போனேன். வால்டர் அங்கே முதியோர் இல்லத்தில் இருக்கிறார். அப்பாவின் காரியத்துக்கு வந்து கடைசி வரிசையில் நின்றுவிட்டுப் பேசாமல் போனாரே, அந்த உயரமான கிழவர்தான். எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் எல்லாவற்றையும் சொன்னேன். காது சரியாகக் கேட்கவில்லை, இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது. இரண்டு தடவை சொல்வது எனக்கு வேண்டியதுதான்.

"அவன் மாட்டியதும் திறந்து பார்த்தானா?" என்று கேட்டார்.

"பார்த்தார். எனக்கும் காட்டினார். அதற்குப் பிறகு நான் போட்டேன். ராத்திரி மறுபடி பார்க்கக் கேட்டார், நான் விடவில்லை."

வால்டர் போல்ட்டைக் கழற்றுகிற மாதிரி கையால் செய்து காட்டினார். "துப்பாக்கியைத் திருப்பிக் கொண்டுவந்த அன்று போல்ட்டைத் தனியாகக் கழற்றிக் கைக்குட்டையில் சுற்றிக் கொண்டுவந்தான். இப்படிச் செய்கிறவன் எப்படி அதைச் செய்திருப்பான் என்று நினைத்தேன். கேட்டிருக்கலாம். கேட்கவில்லை" என்றார். பிறகு, அந்த மிளகு போட்ட கோழி எப்படிச் செய்தாய் என்று கேட்டார். சொன்னேன். இரண்டு பேரும் அழுதோம்.

இப்போது உன் விஷயத்துக்கு வருகிறேன். என் அப்பா துப்பாக்கியைக் கௌரவத்துக்கு வைத்திருந்தார், வால்டர் வேலைக்கு வைத்திருந்தார். நீ பாதுகாப்புக்கு என்கிறாய். அங்கேதான் எனக்கு இடிக்கிறது. பாதுகாப்புக்கு என்றால் போல்ட் ஒரு இடம், குண்டு ஒரு இடம் என்று வைக்க மாட்டாய். கைக்கு எட்டுகிற இடத்தில், நிரப்பித்தான் வைப்பாய். அந்த ஊர் எனக்குத் தெரியாது, உன் பயம் என்ன என்றும் எனக்குத் தெரியாது. வாங்குவதும் வாங்காததும் நீயும் உன் பெண்டாட்டியும் முடிவு செய்ய வேண்டியது. ஆனால் ஒருத்தர் கவனமாக இருந்தால் போதும் என்று நினைத்துவிடாதே. நம் வீட்டில் அப்படி ஒருத்தர் இருந்தார். பக்கத்தில் நானும் இருந்தேன்.

நீ அப்பா மாதிரி இல்லை என்றாய். அது எனக்கும் தெரியும். நீ என்னை மாதிரி. பாதி தெரிந்ததை முழுசாகத் தெரிந்த மாதிரி செய்துவிட்டுப் போவாய். மீனுவின் தொட்டிலை மாட்டிவிட்டு, மிச்சமிருந்த நாலு ஸ்க்ரூவை டிராயரில் போட்டாயே, ஞாபகம் இருக்கிறதா? நீ தூங்கப் போன பிறகு அதை முழுக்கக் கழற்றி மறுபடி மாட்டினது உன் அப்பாதான். மாட்டிவிட்டு இரண்டு தரம் ஆட்டிப் பார்த்தார், படுக்கப் போனவர் திரும்பி வந்து இன்னொரு தரம் ஆட்டிப் பார்த்தார். அவன்கிட்ட சொல்லாதே என்றார். அவர் சொல்லாதே என்றதையெல்லாம் இன்றைக்குச் சொல்லிவிட்டேன்.

டிசம்பரில் டெக்சாஸுக்கு வருகிறேன். ஒரு மாதம் மீனுவின் அறையில்தான் படுப்பேன் என்று அவளிடம் ஏற்கெனவே பேசிவைத்திருக்கிறேன். அதற்குள் நீ துப்பாக்கி வாங்கியிருந்தால், அது எங்கே இருக்கிறது என்று என்னிடம் சொல்லாதே. வாங்காமல் இருந்தால் சொல், நிம்மதியாகத் தூங்குவேன். மீனு தாத்தாவைப் பற்றிக் கேட்டால் அவர் ரொம்பக் கவனமானவர் என்று உன் வாயால் சொல்லு. என்னிடம் போனில் சொன்னதை மட்டும் இனி அப்படிச் சொல்லாதே. "நான் அம்மா மாதிரி இல்ல, கவனமா இருப்பேன்" என்று சொல். அது நிஜமாக இருந்தால் எனக்குப் போதும்.

அம்மா